குழந்தையின் அறையும் மருந்தே

மருத்துவத்திற்குக் கூறுகள் நான்கு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் அந்நான்கினையும் வகுப்பறையில் பல்லாண்டுகளாக விளக்கி வருகிறோம். ஐந்தாவதாக ஒன்று உண்டென எமக்கு உணர்த்தியது எந்த நூலும் அன்று. காய்ச்சலில் கிடந்த எம் ஏழு வயது மகனே அதனை உணர்த்தினான்.

தேங்காய்ப்பட்டணத்தின் அலையோசையில் உறங்கிப் பழகியவன் அவன். சில ஆண்டுகளுக்கு முன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நான்கு இரவுகள் தங்க நேர்ந்தது. மருத்துவர் திறமையிலோ செவிலியர் பரிவிலோ குறையில்லை. ஆயினும் தலைக்கு நேர்மேலே குழல்விளக்கு விடிய விடிய எரிந்தது. தள்ளுவண்டிகளின் இரும்போசை அடங்கவில்லை. சன்னல் உயரத்தில் இருந்ததால், படுத்திருப்பவன் கண்ணுக்குச் சுவர் மட்டுமே தெரிந்தது. தாய்க்கோ தரையே படுக்கை. இரண்டாம் இரவில் அவன் கேட்டான்: "வாப்பா, இங்க ராத்திரி வராதா?"

அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. ஆனால் ஆய்வுலகம் அதனை முன்பே எதிர்கொண்டிருக்கிறது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளியரின் பதிவேடுகளை ஒப்பிட்டு, 1984-இல் ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாதிப்பேரின் சன்னல் மரங்களை நோக்கியது. மற்றவர் கண்டது செங்கற்சுவர். மரங்களைக் கண்டோர் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அவர்கள் பெரியோர், அம்முடிவை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்தலாகாது. எனினும் அறையின் பயனையும் அளந்தறியலாம் என்னும் வாயில் அதனால் திறந்தது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓசை 45 டெசிபெல்லைக் கடப்பது கவலைக்குரியது என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997-இல் அறிவுறுத்தியது. சிறு குழந்தையுடன் தாயும் தங்க வசதி வேண்டுமென இங்கிலாந்தின் பிளாட் குழு 1959-லேயே பரிந்துரைத்தது. நம் நாட்டிலோ தாய் என்றும் உடனிருக்கிறாள். அவளுக்கென ஓர் இடந்தான் இல்லை.

கட்டுமுன் சோதித்தறியும் இவ்வெண்ணம் மேலைநாட்டார்க்கே உரியதன்று. பாக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேரப் பணிக்கப்பட்ட அறிஞர் அல் ராஸி, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, அது மெதுவாகக் கெட்ட இடத்தையே தேர்ந்தார் என்பர். இச்செய்தியின் காலக்கணக்கில் வரலாற்றாசிரியர்க்கு ஐயம் உண்டு. ஆயினும் இடத்தைச் சோதித்த பின்னரே கட்ட வேண்டும் என்னும் அறிவு அக்கதைக்குள் ஒளிர்கிறது அன்றோ?

இன்று அச்சோதனைக்குக் கருவிகள் பல. கணினி காட்டும் மாய அறைக்குள் கட்டுமுன்பே உலவிப் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையினர், 2010-இல் திறந்த தம் பெல்வியூ கிளைக்காக, அறைகளை முழு அளவில் அட்டைகளால் அமைத்துச் சோதித்த பின்னரே கட்டினர். அட்டையைத் திருத்துவது எளிது. கட்டிய சுவரை இடிப்பது அரிது.

"படுக்கைகளே போதாத நாட்டில் இஃது ஆடம்பரமன்றோ?" எனச் சான்றோர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் வரைபடத்திலேயே சன்னலைத் தாழ்த்திவிட்டால் பெருஞ்செலவு ஏது? இரவுக்கு மங்கிய விளக்கும், வண்டிக்கு ரப்பர்ச் சக்கரமும், தாய்க்கு ஒரு மடக்குக் கட்டிலும் பெருஞ்செல்வம் வேண்டுபவை அல்ல. வேண்டுவது, குழந்தையின் கட்டிலில் ஒருமுறை படுத்து நிமிர்ந்து நோக்கும் மனமே.

இப்பணியில் நம் கல்லூரிக்கும் பங்குண்டு. அறிவியல் மாணவர்கள் ஒலியையும் ஒளியையும் அளக்கட்டும். தமிழ் மாணவர்கள் குழந்தைகளும் தாய்மாரும் கூறுவதை அவர்தம் சொற்களிலேயே எழுதி வரட்டும். டெசிபெல் கணக்கு எத்தனை நுட்பமாயினும், இரவு வராத அறையின் துன்பத்தை எமக்குச் சொன்னது ஒரு குழந்தையின் மூன்று சொற்களே. மருத்துவமனைக்கு வாரி வழங்கும் நம் சமுதாயப் பெரியோர், கட்டடத்திற்குப் பொருள் தருமுன், "குழந்தைகளைக் கேட்டீர்களா?" என ஒரு வினாவையும் சேர்த்துத் தருவாராக.

கடலோசையில் உறங்கிப் பழகிய நம் கரையோரப் பிள்ளைகள் நோயுறும்போது, அவர்களுக்கும் இரவு வரட்டும், உறக்கமும் வரட்டும்.