எண்ணப்படாத பெட்டிகள்

முதலில் கொள்கை பிறக்கும், பிறகு அதைச் சுற்றிக் கட்சி திரளும் என்பது நம் பாடநூல்களின் வாய்பாடு. 1792இல் நியூயார்க் மாநிலம் நடத்திய ஆளுநர் தேர்தல் இந்த வாய்பாட்டுக்கு அடங்க மறுக்கிறது. 1777 முதல் பதவியிலிருந்த ஜார்ஜ் கிளின்டனை எதிர்த்து நின்றவர் ஜான் ஜே. அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. கிளின்டனுக்கு 8,440 வாக்குகள், ஜேக்கு 8,332. வித்தியாசம் வெறும் 108. ஆனால் ஒட்சிகோ, டயோகா, கிளின்டன் ஆகிய மூன்று மாவட்டங்களின் வாக்குகள் எண்ணப்படவே இல்லை. ஜேயின் செல்வாக்கு ஓங்கியிருந்த ஒட்சிகோவைச் சேர்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றே அன்று பரவலாகக் கருதப்பட்டது. தளர்வான கோஷ்டிகளை இறுகிய கட்சிகளாக்கியதில் இந்த நிராகரிப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே நம் வாதம்.

1788இல் கூட்டாட்சி அரசியலமைப்பை ஏற்பதா என்ற கேள்வியிலேயே நியூயார்க் பிளவுபட்டுவிட்டதே என்று மறுப்பவர்கள் உண்டு. பிளவு உண்மைதான், போகிப்சி மாநாட்டில் அரசியலமைப்பு 30க்கு 27 என்ற கணக்கில்தான் நிறைவேறியது. ஆனால் அந்தக் கோடு நிலைக்கவில்லை. அரசியலமைப்பை எதிர்த்து வாக்களித்த ராபர்ட் யேட்ஸை, அதன் பெரும் ஆதரவாளரான ஹாமில்டன் மறு ஆண்டே கிளின்டனுக்கு எதிரான வேட்பாளராக ஆதரித்தார். அதே யேட்ஸ் 1795இல் ஜேயை எதிர்த்துக் களமிறங்கினார். அரசியலமைப்பை ஆதரித்த ராபர்ட் லிவிங்ஸ்டன் 1792க்குள் கிளின்டன் பக்கம் சேர்ந்துவிட்டார். குடும்பச் செல்வாக்கும் பதவி ஏமாற்றமும் கொள்கைக்குச் சமமாக ஆட்களை இடம் மாற்றிய காலம் அது.

ஒட்சிகோவில் நடந்தது என்ன? ஷெரிஃப் வாக்குகளைப் பெற்று அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பழைய ஷெரிஃபின் பதவிக்காலம் முடிந்திருந்தது. புதியவர் நியமிக்கப்பட்டும் பொறுப்பேற்கவில்லை. பழையவரே பெட்டியை அனுப்பிவைத்தார். சட்டமன்றத்தின் இரு அவைகளும் அமைத்த எண்ணிக்கைக் குழு, செனட்டர்கள் ரூஃபஸ் கிங்கிடமும் ஆரன் பரிடமும் கருத்துக் கேட்டது. எண்ணலாம் என்றார் கிங். கூடாது என்றார் பர். கிளின்டன் ஆதரவாளர்களான ஏழு பேர் நிராகரித்தார்கள், நால்வர் எதிர்த்தார்கள். பின்னர் வாக்குச் சீட்டுகள் எரிக்கப்பட்டன. சட்டத்தின் எழுத்து ஏழு பேருக்கும் துணைநின்றது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் சட்டத்துக்கு இரண்டு பொருள் இருந்தபோது ஒவ்வொருவரும் தன் அணிக்கு உகந்த பொருளையே கண்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வாக்காளர் செய்யாத பிழைக்கு வாக்காளரே தண்டிக்கப்பட்டார். எண்ணும் உரிமை போட்டியாளர்களில் ஒருவரின் கையில் இருந்தால் வாக்கு மட்டும் போதாது, எண்ணுமிடத்திலும் பெரும்பான்மை வேண்டும் என்பதை இரு அணிகளும் அன்று கற்றுக்கொண்டன. நிலையான அமைப்பும் ஒழுங்கும் கொண்ட கட்சியின் தேவை அங்கேதான் உறைத்தது.

ஜே தரப்பைப் பாதிக்கப்பட்டோராக மட்டும் காட்டுவதும் நேர்மையல்ல. அவர் முக்கியப் பங்காற்றி வரைந்த 1777ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, ஆளுநருக்கு வாக்களிக்க 100 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் வேண்டும் என்றது. திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட மக்கள் குரல், முன்பே பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்ட குரல். ஆனால் தோல்விக்குப் பிறகு ஜே நடந்துகொண்ட விதம் மதிக்கத்தக்கது. கொதித்த ஆதரவாளர்களை அவர் அமைதி காக்கச் சொன்னார். 1795இல் அதே விதிகளின்கீழ் வென்றார். கட்சிகள் குடியரசைக் கெடுக்கும் நோய் என்று அந்தத் தலைமுறை அஞ்சியது. நியூயார்க்கில் கேடு வந்த வழி வேறு: கட்சிகள் இருந்ததைவிட, அவற்றுக்கு மேலே நின்று எண்ணும் அமைப்பு இல்லாததே பெரும் ஆபத்தானது. அணிகள் இல்லாத அரசியலுக்கு ஏங்குவதைவிட, எந்த அணிக்கும் எட்டாத எண்ணிக்கையைக் கேட்பதே குடிமக்களுக்குப் பயன் தரும்.