காடும் நினைவும்

மைசூரு தசராப் பெருவிழாவில் அம்பாரி சுமந்து வரும் யானையைக் காண மக்கள் திரள்கின்றனர். விழா யானைகளைப் பேணி நடத்துவோருள் பலர் ஜேனு குறும்பர் என்னும் பழங்குடியினர். ‘ஜேனு’ என்னும் கன்னடச் சொல் தேனைக் குறிக்கும். உயர்ந்த மரங்களில் ஏறித் தேன் எடுப்பது இவர்தம் முன்னோர் தொழில்.

மைசூரு, குடகு மாவட்டங்களில் பரந்துள்ள நாகரகொளைக் காட்டிலிருந்து, வனவிலங்குப் பாதுகாப்பின் பொருட்டு, இவர்களுள் பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தொழில் மட்டுமன்றி, முன்னோரின் இடுகாடுகளும் தெய்வம் உறையும் இடங்களும் அவர்களுக்கு எட்டாதவையாயின. 2025 மே மாதத்தில் 50-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, தம் பழைய குடியிருப்பு இருந்த இடத்திற்குத் திரும்பிக் குடில் அமைத்தன. வனத்துறை அவ்வுரிமையை ஏற்கவில்லை.

காட்டில் மனிதர் வாழ்ந்தால் புலிகள் அழியும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தைப் புறந்தள்ளுதல் ஆகாது. ஆயினும், சாமராசநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலை, புலிகள் காப்பகமாக இருந்தும், 2011ஆம் ஆண்டிலேயே சோலிகர் என்னும் பழங்குடியினரின் வன உரிமை அங்கு ஏற்கப்பட்டது. விலங்குகளின் காப்பும் மக்களின் உரிமையும் ஒருங்கே நிற்க இயலும்.

பழங்குடியினரின் பாடல்களைப் பதிவு செய்தலும், அவர்தம் கருவிகளை அருங்காட்சியகத்தில் வைத்தலும் நற்பணிகளே. ஆனால், தேன் எடுக்கும் கலையைக் கண்ணாடிப் பேழையிலிருந்து எந்தச் சிறுவனும் கற்க இயலாது. மரத்தடியில் மூத்தோருடன் நின்றே கற்க இயலும். ஆகவே, மரபைப் போற்ற விரும்புவோர், அம்மரபு வாழும் நிலத்தின்மீது அம்மக்களுக்குள்ள உரிமையையும் போற்றுதல் வேண்டும். விழா நாளில் மட்டும் அவர்களை நினைத்தல் போதாது.