வெயிலில் வேகும் வீடுகளும் நம் பைத்துல்மாலும்



சென்ற கோடையில், ஃபஜ்ருக்குப் பிந்தைய மக்தப் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் உறங்கி விழுந்தான். இரவெல்லாம் கைப்பேசி பார்க்கிறான் என்று நாமே முடிவு செய்து, பிற பிள்ளைகள் முன்னிலையில் கண்டித்தோம். அவன் இல்லத்திற்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கியது. தாழ்வான சிமெண்ட் ஷீட் கூரை, சன்னல் இல்லாத ஒற்றை அறை, இரவு பத்து மணிக்கும் அடங்காத அனல். மின்விசிறி அந்த அனலையே கீழே தள்ளிக்கொண்டிருந்தது. பிள்ளையிடம் தவறில்லை. பள்ளிவாசலுக்குக் கூப்பிடு தொலைவில் இருந்த வீட்டின் நிலையை அறியாதிருந்த நம்மிடமே தவறு இருந்தது.

வீட்டை அமைதி பெறும் இடமாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் சூரா அந்நஹ்லின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகின்றான். உறக்கமும் நல்ல காற்றும் கிட்டாத வீட்டில் அந்த அமைதி எவ்வாறு உண்டாகும்?

இது அரசால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் என்று சிலர் கூறுவர். அவர்கள் அகமதாபாத்தைக் காண வேண்டும். 2010 மே மாதத்தில் அந்நகரின் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2013இல் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. ஆனால் ஏழைகளின் கூரை வரை சென்றவர்களுள் முக்கியமானோர் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனத்தார். சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் 1994இல் தொடங்கிய அமைப்பு இது. குடிநீர், கழிப்பறை, மின் இணைப்பு எனத் தொடங்கிய அதன் பணி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சைக் கூரைகளில் பூசுவது வரை விரிந்தது. அப்பூச்சினால் வீட்டினுள் வெப்பம் சில டிகிரி குறைகிறது.

அதனை நெடுங்காலமாக வழிநடத்தி வருபவர் பிஜல் பிரம்பட் என்னும் பொறியாளர். அவர்களுடைய தலைமை முறையே நமக்குப் பாடம். குடிசைப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களையே வீடு வீடாக அனுப்பி, மின் செலவைக் கணக்கிட்டு ஆலோசனை கூறச் செய்தனர். பகல் முழுதும் அக்கூரையின் கீழ் இருப்பவர்கள் பெண்களே. மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்கு வீடே தொழிற்கூடமும் ஆகும். அவர்களைக் கேளாமல் நிர்வாகிகள் சிலர் கூடி முடிவெடுப்பது அமானத்தைப் பேணுவதாகாது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் இதனைச் செய்ய இயலும். முதலில் மஹல்லாவில் எத்தனை வீடுகள் ஷீட் கூரையின் கீழ் உள்ளன என்று சகோதரிகளைக் கொண்டே கணக்கெடுக்கட்டும். அடுத்து வெண்பூச்சும் ஒரு காற்றுத் திறப்பும் அமைத்துத் தரட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பின்னர் மின்விசிறியை மாற்றலாம். 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால், மாதம் 20 யூனிட் மிச்சமாகும்.

ஜகாத் நிதியை இதற்குச் செலவிடலாமா என்னும் வினா எழும். உரியவருக்கு உடைமையாக்குதல் முதலிய நிபந்தனைகள் அதற்கு உண்டு. உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஸதக்காவிற்கு அத்தகைய தடையில்லை. ரமளானில் நாம் வழங்கும் அரிசி சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதுவும் தேவையே. ஆயினும் குளிர்ந்த கூரை பல கோடைகளுக்கு நன்மை தரும்.

பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்க நம் ஊரில் ஒரே ஜும்ஆவில் நிதி திரண்டது. அதனைக் குறை கூறவில்லை. தொழுதுவிட்டு அக்குளிரிலிருந்து அனலுக்குத் திரும்பும் அண்டை வீட்டாரையும் எண்ணிப் பார்க்கவே வேண்டுகிறோம்.

அம்மாணவனிடம் நாம் வருத்தம் தெரிவித்துவிட்டோம். அவன் கூரை இன்னும் அப்படியே உள்ளது. அடுத்த கோடைக்கு முன் அது மாற வேண்டும். அல்லாஹ் நமக்கு அதற்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.