மரத்தூளின் மணம்

தச்சுப்பட்டறையைப் பற்றி எழுத நேர்ந்தால் நம் எழுத்தாளர்கள் மரத்தூளின் மணத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். அதைச் சுவாசிப்பவனின் இருமல் மட்டும் அவர்கள் காதில் விழுவதில்லை.

இயற்கை தீங்கு செய்யாது என்ற சோம்பேறி நம்பிக்கையே காரணம். பூஞ்சையையும் பூச்சியையும் விரட்டவே மரம் தன் வைரத்தில் நஞ்சைச் சேமிக்கிறது. தேக்கிலும் ஈட்டியிலும் உள்ள குயினோன் வகைச் சேர்மங்கள் தச்சனின் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் எழுப்பக்கூடியவை. ஒவ்வாமை ஒருமுறை வேரூன்றிவிட்டால் பிறகு சிறிதளவு தூள் பட்டாலே போதும்; கற்ற தொழிலையே கைவிட நேர்பவர்களும் உண்டு.

கேடு அத்தோடு நிற்பதுமில்லை. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி மரச்சாமான் தொழிலாளர்களிடையே மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்தது. நம் பட்டறைகள் பலவற்றில் இன்றும் தோள்துண்டுதான் முகமூடி.

'உனக்கு இந்த மரம் சேரவில்லை' என்று நோயாளியையே குற்றவாளியாக்குகிறோம். தூளை உறிஞ்சும் கருவிக்குச் செலவிட மறுக்கும் முதலாளியை யாரும் கேட்பதில்லை. ஈட்டிமர மேசையில் அமர்ந்து உழைப்பின் அழகை எழுதுபவர்கள், அதை இழைத்தவன் இப்போது எப்படி மூச்சுவிடுகிறான் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதட்டும்.