தவறிய விடைகளின் கணக்கு

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டித் தேர்வு நடக்கிறது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டத் தேர்வு என்பது அதன் முழுப்பெயர். அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால், ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் அது என்.எம்.எம்.எஸ். என்றே வழங்குகிறது. 2008ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய திட்டம் இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தெரிவு பெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்காண்டுக்கும் சேர்த்து 48,000 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழும்போது, அப்பேச்சை அடக்கும் வலிமை இந்தத் தொகைக்கு உண்டு. ஆகவே இத்தேர்வை இகழ்வது நம் நோக்கமன்று.

நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேருக்கு இவ்வுதவி வழங்கப்படுகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இத்தேர்வை எழுதுவோரோ இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நூறு பேர் எழுதினால் ஏறத்தாழ மூவருக்குக் கிட்டுகிறது. முடிவு வெளியானதும் அந்த மூவரின் ஒளிப்படம் பள்ளி வாயிலில் பதாகையாக ஏறும். தலைமையாசிரியர் சால்வை போர்த்துவார். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தியும் வரும். எஞ்சிய தொண்ணூற்றேழு பேரைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. உதவித்தொகை கிட்டாத அவர்களுக்கு இத்தேர்வால் விளையக்கூடிய பயன் ஒன்றே ஒன்றுதான்: தேர்வை முன்னிட்டு அவர்கள் பெறும் பயிற்சி. அப்பயிற்சி நல்ல கல்வியாக அமையுமானால், தொகை பெறாதவரும் ஏதோ ஒன்றைப் பெற்றவராவர். அமையாவிடில், பதின்மூன்று வயதில் ‘நீ தேறாதவன்’ என்ற முத்திரை ஒன்றே அவர்களுக்கு மிஞ்சும்.

இப்போது நடைபெறும் பயிற்சி எத்தகையது? முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் திரட்டப்படுகின்றன, ஒளிநகல் எடுக்கப்படுகின்றன. வகுப்பிலிருந்து, ‘இவர்கள் தேறக்கூடும்’ என்று தோன்றும் பதினைந்து இருபது பேர் பொறுக்கி எடுக்கப்படுகின்றனர். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு சனிக்கிழமைகளிலும் மாலை வேளைகளிலும் சிறப்பு வகுப்பு. மாதிரித் தேர்வு, விடைக்குறிப்பு, மதிப்பெண், மீண்டும் மாதிரித் தேர்வு. தேர்வு பெரும்பாலும் சனவரியிலோ பிப்ரவரியிலோ வருவதால், இதற்குக் கிடைப்பது சில வாரங்களே. ஏழாம் வகுப்பிலேயே தொடங்கி ஈராண்டு பயிற்றும் பள்ளிகள் சில உண்டு. ஆண்டுதோறும் மூவர் நால்வரைத் தெரிவு பெறச் செய்யும் சிற்றூர் நடுநிலைப் பள்ளிகளை விசாரித்தால், பெரும்பாலும் அவை இவ்வகையினவாகவே இருக்கக் காண்கிறோம்.

தேர்வின் அமைப்பையும் சிறிது நோக்க வேண்டும். மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள். படிப்புத் திறன் தேர்வில் 90 வினாக்கள். இரண்டாவதில் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் முப்பத்தைந்து முப்பத்தைந்து போக, கணிதத்துக்கு இருபது. எண்ணிக்கை குறைவாகத் தோன்றலாம். ஆயினும் மனத்திறன் தேர்வில் வரும் எண் தொடர்களும் குறியீட்டுக் கணக்குகளும் கணிதம் பழகிய மனத்தையே நாடுகின்றன. கணிதத்தில் கால் ஊன்றாத பிள்ளை இரண்டு தாளிலும் தள்ளாடும்.

அந்தக் கால் ஊன்றுதல்தான் நம் பள்ளிகளில் ஐயத்துக்குரியதாய் இருக்கிறது. பிரதம் அமைப்பின் 2024ஆம் ஆண்டு ஏசர் ஆய்வு, நாட்டின் ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர் 45.8 விழுக்காட்டினரே என்கிறது. எட்டாம் வகுப்புப் பாடநூலோ விகிதமுறு எண்கள், இயற்கணித முற்றொருமைகள், கூட்டு வட்டி, கூட்டு மாறல் என நெடுந்தூரம் சென்றுவிட்டது. நூலுக்கும் பிள்ளைக்கும் இடையே கிடக்கும் இவ்வெளியை மாதிரி வினாத்தாள் எத்தனை அடுக்கினாலும் நிரப்ப இயலாது.

பிறகு எதனால் நிரப்புவது? விடை அந்த வினாத்தாளுக்குள்ளேயே கிடக்கிறது என்பதே நம் கருத்து. கொள்குறி வினாவைக் கவனத்தோடு ஆக்கும் ஆசிரியர், சரியான விடையோடு சேர்க்கும் மற்ற மூன்றையும் மனம்போன போக்கில் எழுதுவதில்லை. பிள்ளைகள் எங்கெங்கே சறுக்குவர் என்று அறிந்து, ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு விடையை வைக்கிறார். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொல்லும் வினாவில், ஆறில் ஐந்து என்ற சரியான விடைக்கு அருகே ஐந்தில் இரண்டும் நின்றுகொண்டிருக்கும். அதைக் குறித்த பிள்ளை தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டது. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு விடை அரையைவிடச் சிறுத்துப் போனதே என்ற வியப்பு அதற்குத் தோன்றவில்லை. பின்னம் என்பது ஓர் அளவு என்ற உணர்வு ஆறாம் வகுப்பிலோ அதற்கு முன்போ தவறிப்போயிருக்கிறது. அப்பிள்ளைக்கு மீச்சிறு பொது மடங்கைக் கொண்டு பின்னம் கூட்டும் முறையை மீண்டும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டுவதால் பயனில்லை. ஒரு காகிதத் துண்டை இரண்டாகவும் மற்றொன்றை மூன்றாகவும் மடித்து, எது பெரிது என்று கேட்பதில் தொடங்க வேண்டும்.

மற்றொரு வினா. 12 ஆட்கள் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்? எட்டு நாள். பன்னிரண்டரை நாள் என்று குறிக்கும் பிள்ளைக்குப் பெருக்கவும் வகுக்கவும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பன்னிரண்டரை வந்தது. நேர் விகிதத்துக்கும் எதிர் விகிதத்துக்கும் வேற்றுமை காணத்தான் அது நிற்கவில்லை. ஆள் கூடினால் நாள் கூடுமா குறையுமா என்ற ஒரு கேள்வியை, பேனாவைத் தாளில் வைக்கும் முன் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அதற்கு வேண்டும். நாற்று நடவிலும் கட்டட வேலையிலும் தாயும் தந்தையும் நாள்தோறும் போடும் கணக்கு இது. வீட்டில் அறிந்ததை வகுப்பில் மறக்கும்படி நாம் எப்படியோ கற்பித்து வைத்திருக்கிறோம்.

விழுக்காட்டுக் கணக்கின் தவறு வேறு வகை. 500 ரூபாய்ப் பொருளின் விலையை 20 விழுக்காடு உயர்த்தி, உயர்த்திய விலையில் 20 விழுக்காடு தள்ளுபடி தந்தால் விற்கும் விலை என்ன? பழைய விலையே என்று குறிப்போர் மிகப் பலர், வளர்ந்தோரிலும் பலர். விலை 600 ஆகி, அதில் 120 குறைந்து, 480இல் நிற்கிறது. எதில் இருபது விழுக்காடு என்று கேட்கத் தவறியதே பிழை. இன்னொன்று: −7இலிருந்து −3ஐக் கழித்தால் −4. அங்கே −10 என்று குறித்த பிள்ளை இரண்டாவது கழித்தல் குறியைக் கண்டும் காணாமல் கடந்திருக்கிறது. அல்லது முழுக்களின் கழித்தல் என்பது எண்கோட்டில் எத்திசையில் நகர்வது என்பதை ஒருபோதும் கண்ணால் காணவில்லை.

நான்கு பிள்ளைகள், நான்கு பிழைகள், நான்கும் வெவ்வேறு இடத்தில் வேர்கொண்டவை. இவர்கள் எல்லாருடைய தாளிலும் ஒரே சிவப்புக் குறியைப் போட்டு, இன்னும் நூறு கணக்கைக் கையில் கொடுத்து அனுப்புவது, காய்ச்சல் என்று வந்த நால்வருக்கும் நாடி பாராமல் ஒரே மாத்திரையை நீட்டுவதற்கு ஒப்பாகும். தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளை நூறு கணக்குப் போட்டால், அந்தத் தவற்றையே நூறு முறை பயில்கிறது. பயிற்சி என்ற பெயரில் பிழை கெட்டிப்படுகிறது. மாதிரித் தேர்வுக்குப் பின் மதிப்பெண் படித்துக் காட்டும் கால்மணி நேரத்தை, ‘இந்த விடையை நீ ஏன் தேர்ந்தாய்?’ என்று கேட்பதற்குச் செலவிடும் ஆசிரியரே பயிற்சியளிப்பவர். ஒரு மாலையில் முப்பது வினாக்களை ஓட்டுவதைக் காட்டிலும் ஆறு வினாக்களின் தவறான விடைகளை ஆராய்வது சிறந்தது.

இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே தெரியாத வினாவையும் விடாமல் ஏதேனும் ஒரு வட்டத்தைக் கருமையாக்கு என்று சொல்லிக் கொடுக்கிறோம். தேர்வு உத்தி என்ற வகையில் அது சரியே. அதைச் சொல்லாத ஆசிரியர் பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார். ஆனால் அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். 180 வினாக்களையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 45 மதிப்பெண் வரும். தகுதிக்குரிய 40 விழுக்காடு என்பது 72. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 விழுக்காடு. ஊகத்தால் வந்த மதிப்பெண்ணையும் அறிவால் வந்த மதிப்பெண்ணையும் பிரித்தறியாமல், ‘போன தேர்வைவிட ஐந்து மதிப்பெண் கூடியிருக்கிறது’ என்று மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பயிற்சியின்போதேனும், ஊகித்துக் குறித்த வினாவுக்கு அருகே ஒரு புள்ளி வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லலாம். செலவில்லாத ஏற்பாடு அது.

மனத்திறன் பகுதிக்கான வழிகாட்டி நூல்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல விரும்பவில்லை. குறுக்குவழிகளின் தொகுப்பாகவே அவை பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றில் உள்ள எண் தொடர்களுக்கு வேண்டிய பயிற்சியை, நம் பாடநூலிலேயே உள்ள ‘தகவல் செயலாக்கம்’ என்ற இயல் இன்னும் நல்ல முறையில் தருகிறது. பல பள்ளிகளில் காலம் போதவில்லை என்று முதலில் கைவிடப்படுவது அந்த இயல்தான்.

பழகுதல் என்பதே தாழ்ந்தது, புரிதல் ஒன்றே போதும் என்று பேசும் கல்வியாளர் கூட்டம் ஒன்றுண்டு. அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளிகளில் பயின்ற எண்சுவடி, முழு எண்களுக்கு மட்டுமன்றிப் பின்னங்களுக்கும் வாய்பாடு வைத்திருந்தது. முக்கால், அரை, கால் என இறங்கி, இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரை பிள்ளைகள் ஓதினர். அக்கல்வி எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை, பிரம்படியும் மிகுதி. அதைப் பொற்காலம் என்று புனைய வேண்டுவதில்லை. எனினும் அங்கே ஓதப்பட்ட எண்கள் பொன்னிலக்கத்தில் பொன்னின் நிறையோடும், நெல்லிலக்கத்தில் நெல்லின் அளவோடும், குழிமாத்தில் நிலத்தின் பரப்போடும் பிணைந்திருந்தன. ஓதியது எதற்கென்று ஓதியவனுக்குத் தெரியும். வாய்பாடு இன்றும் வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு விரல் மடக்கும் பிள்ளை, கூட்டு மாறல் கணக்கின் நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிடும்.

ஆசிரியர்மீது பழியைச் சுமத்துவது எளிது. நாம் அதைச் செய்ய மாட்டோம். நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் கணிதம் நடத்துபவர் பெரும்பாலும் ஒரே பட்டதாரி ஆசிரியர். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்னும் இணையத் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவது முதல் வாக்காளர் பட்டியல் வேலை வரை அவர் தலையில் விழுகிறது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஊதியம் இல்லை. ஒளிநகலுக்கான பணத்தைத் தம் சட்டைப் பையிலிருந்து எடுப்போரும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தின் மேல் மட்டுமே ஒரு மாநிலத்தின் பயிற்சி ஏற்பாடு நிற்பது முறையன்று. மாதிரித் தாள்களை அச்சிட்டுத் தருவதும், சனிக்கிழமைப் பணிக்கு ஈடுசெய் விடுப்போ மதிப்பூதியமோ தருவதும் பள்ளிக் கல்வித் துறையின் கடமை. பொறுக்கி எடுத்த இருபது பேருக்கு மட்டும் என்றிராமல், ஏழாம் வகுப்பின் தொடக்கத்திலிருந்தே வகுப்பு முழுமைக்கும் வாரம் ஒரு கணிதப் பாடவேளையைப் பிழை ஆராய்ச்சிக்கென ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய திட்டமோ புதிய பெயரோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இனி நம் தலையாய கோரிக்கை. மாநிலத்தில் இத்தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பிள்ளைகள் நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாள் ஒவ்வொன்றையும் கருவி படிக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வினாவுக்கு எந்த விடையைக் குறித்தது என்பதைப் படிக்காமல் மதிப்பெண் இட இயலாது. ஆக, ஒரு மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பின்னங்களை மேலும் கீழுமாகக் கூட்டுகின்றனர், எத்தனை பேர் எதிர் விகிதத்தை நேர் விகிதமாகக் கொள்கின்றனர், எந்தப் பள்ளியில் முழுக்களின் கழித்தல் எவருக்குமே விளங்கவில்லை என்பனவெல்லாம் ஏற்கெனவே அரசின் கணினியில் உள்ளன. இரண்டு இலட்சம் பிள்ளைகளின் பிழைகளைப் பற்றிய இத்தகைய செய்தியைத் திரட்டத் தனி ஆய்வு ஒன்று நடத்துவதென்றால் எவ்வளவு செலவாகும்! கையில் இருப்பதோ மதிப்பெண்ணாகவும் தெரிவுப் பட்டியலாகவும் சுருங்கி வெளிவருகிறது. தேறாத பிள்ளையின் தாள் எதுவும் சொல்லாமல் மறைந்துவிடுகிறது.

முடிவுகளோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் வினாவாரியாக அதன் பிள்ளைகள் குறித்த விடைகளின் தொகுப்பை எமிஸ் தளத்தின் வழியே அனுப்புதல் வேண்டும். பிள்ளைகளின் பெயர் அதில் இடம்பெறத் தேவையில்லை. எட்டாம் வகுப்போடு நடுநிலைப் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைகள் சேரும் உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர், சூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கும்போது அத்தொகுப்பு அவர் கையில் இருக்குமாறு செய்யலாம். இத்தேர்வுக்குப் பிள்ளைகளிடம் ஐம்பது ரூபாய் கட்டணம் பெறப்படுகிறது. உதவித்தொகை கிட்டாதவரும் செலுத்திய பணம் அது. தம் விடைத்தாள் கூறும் செய்தியைப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. வரும் தேர்வின் முடிவுகளோடு இத்தொகுப்பை வெளியிடுவதற்கு எது தடையாய் இருக்கிறது என்பதைப் பள்ளிக் கல்வித் துறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தடை ஏதுமில்லையெனில், வெளியிடும் நாளை இப்போதே அறிவிக்க வேண்டும்.