ரிட்டையர்டு மிலிட்டரிக்காரங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஒரு நீண்ட இழை

1/
உங்க தெருவுல ஒரு மிலிட்டரிக்காரர் வீடு கண்டிப்பா இருக்கும். விடியற்காலை வாக்கிங், நேரத்துக்குச் சாப்பாடு, வரிசையில யாராவது முண்டினா முதல் ஆளா சத்தம். பென்ஷன் பேச்சை எடுத்தா மட்டும் மனுஷன் கொதிச்சுடுவார். "மாசாமாசம் பென்ஷன், இலவச வைத்தியம், கேன்டீன் சரக்கு. இன்னும் என்னதான் குறை இவங்களுக்கு?" நானும் பல வருஷம் இப்படித்தான் நினைச்சேன்.

2/
அந்த நினைப்பை மாத்தினது என்னோட நோயாளி ஒருத்தர். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் எதுவும் சொல்ல மாட்டேன். ஹவில்தாரா ரிட்டையர் ஆனவர், 60 வயசைத் தாண்டியவர். இதயத் துடிப்பு சீரா இல்லாத பிரச்சினை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்வோம். இதுல இதயத்தோட மேல் அறையில ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். அதைத் தடுக்க தினமும் ரெண்டு வேளை ஒரு மாத்திரை.

3/
இந்த மாத்திரையில ஒரு விஷயம் இருக்கு. இதோட வேலை உடம்புல ஒண்ணு ரெண்டு நாளைக்கு மேல நிக்காது. "இந்த மாசம் இல்ல, அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுக்கலாம்"ங்கிற பேச்சுக்கே இடமில்லை. அவர் வழக்கமா மருந்து வாங்கற இடத்துல இருப்பு இல்லைன்னு சொல்லியிருக்காங்க. "வெளியில வாங்கிட்டு பில் கொடுங்க, பணம் வரும்." போன தடவை வாங்கின பில்லுக்கே இன்னும் பணம் வரலை. மகளுக்கு அப்பத்தான் வளைகாப்பு. ஐயா மாத்திரையை நிறுத்திட்டார். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை.

4/
மூணாவது வாரம் காலையில வலது கை தூக்க வரலை, வாய் கோணிடுச்சு. பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கவுண்டர்ல கார்டைப் பார்த்துட்டு, "இந்தக் கார்டுக்கு இப்போ எடுக்கறதில்லைம்மா, பணம் கட்டறீங்களா?" பணத்துக்கு ஃபோன் போட்டு, ஆள் தேடி, கடைசியா வேற வண்டி பிடிச்சு எங்ககிட்ட வந்து சேர்ந்தப்போ அஞ்சே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

5/
ரத்தக் கட்டியைக் கரைக்கற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். இதுல இன்னொரு கொடுமை: அந்த மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டுட்டு வர்றவங்களுக்கு இந்த ஊசியைச் சாதாரணமா போட முடியாது, ரத்தக்கசிவு பயம். ஐயா மாத்திரையை நிறுத்தியிருந்ததால போட்டிருக்கலாம். நேரம்தான் போயிடுச்சு. உயிர் பிழைச்சார். வலது கை திரும்பலை.

6/
இப்போ அந்தக் கார்டைப் பத்திப் பார்ப்போம். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம், சுருக்கமா இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1-ல ஆரம்பிச்சது. பேர்லயே 'பங்களிப்பு'ன்னு இருக்கு, கவனிச்சீங்களா? இது இலவசம் இல்லை. 2017 கடைசியில வந்த உத்தரவுப்படி ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபாய், சுபேதார் நிலைகளுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஓய்வு பெறும்போதே ஒரே தடவையா பிடிச்சிடுவாங்க. முன்கூட்டியே காசு கட்டி வாங்கின வைத்தியம் இது.

7/
திட்டம் எழுத்துல நல்ல திட்டம்தான். நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக். அங்கே பார்த்து, மருந்து வாங்கி, தேவைப்பட்டா ரெஃபரல் எழுதி அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கையில காசு கொடுக்க வேண்டாம், ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்கு பில் அனுப்பும். நம்ம நாட்டுல பெரும்பாலான மக்களுக்கு இந்த அளவு பாதுகாப்பு கிடையாதுங்கறதையும் ஒத்துக்கணும்.

8/
அப்புறம் எங்க இடிக்குது? முதல்ல விலைப்பட்டியல். இந்த ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய அரசு ஊழியர் திட்டமான சி.ஜி.எச்.எஸ். விலைதான். 2014-ல போட்ட பட்டியலை 2023-ல கொஞ்சம் தொட்டாங்க, 2025 அக்டோபர்லதான் பெரிய அளவுல திருத்தினாங்க. பத்து வருஷத்துக்கு மேல பழைய விலை. அந்த விலையிலயும் பணம் தாமதமா வந்தா, தனியார் ஆஸ்பத்திரி என்ன செய்யும்? திட்டத்தை விட்டு வெளிப்படையா விலகாது. "பெட் இல்லை"ன்னு சொல்லும். இந்தக் கார்டுக்கு மட்டும் பெட் இருக்காது.

9/
இதுல எங்க ஆளுங்க யோக்கியம்னு சொல்ல வரலை. 2015-ல மத்திய தணிக்கைத் துறை இந்தத் திட்டத்தை ஆராய்ஞ்சு தனி அறிக்கையே கொடுத்தது. மருந்து கிடைக்காததையும் சொன்னாங்க, ஆஸ்பத்திரிங்க கூடுதலா பில் போட்டதையும் சொன்னாங்க. சில பேர் பண்ற மோசடியால ஒவ்வொரு பில்லையும் சந்தேகத்தோட பார்க்கறாங்க, அதனால தாமதம். தாமதத்தைக் காட்டி ஆஸ்பத்திரி நோயாளியைத் திருப்பி அனுப்புது. நடுவுல நசுங்கறது கார்டு வச்சிருக்கறவர்.

10/
நாடாளுமன்ற பாதுகாப்பு நிலைக்குழுவும் பல தடவை இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கற பணத்தையும் நிலுவை பில்களையும் பத்திக் கேட்டிருக்கு. அதாவது வியாதி எதுன்னு கண்டுபிடிச்சாச்சு, ரிப்போர்ட்டும் வந்தாச்சு. வைத்தியம் மட்டும் ஆரம்பிக்கலை. நோயாளி கோபப்படாம என்ன செய்வார்?

11/
"சரி டாக்டர், பென்ஷனாவது ஒழுங்கா வருதுல்ல?" அந்தக் கதையையும் கேளுங்க. ஒரு ஜவான் சாதாரணமா 35-லிருந்து 45 வயசுக்குள்ள ஓய்வு பெறுவார். பிள்ளைங்க அப்பத்தான் பள்ளிக்கூடம் போகும். சிவில் ஊழியர் மாதிரி 60 வரைக்கும் சம்பளமும் உயர்வும் கிடையாது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் முன்னாடி ராணுவ ஓய்வூதியக் கணக்கே தனியா இருந்தது. 1973-ல மூணாவது ஊதியக் குழுவையொட்டி அதைக் குறைச்சாங்க.

12/
அங்க ஆரம்பிச்ச கோரிக்கைதான் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்'. ஒரே பதவி, ஒரே சேவைக் காலம்னா, எந்த வருஷம் ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன். 2011-ல கோஷியாரி குழு பரிந்துரைச்சது. 2014 பிப்ரவரியில அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு அறிவிச்சது. நடைமுறைக்கு வரலை. 2015 ஜூன்ல ஜந்தர் மந்தர்ல உட்கார்ந்தாங்க. ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், மெடல் குத்தின வயசானவங்களைப் போலீஸ் இழுத்த காட்சியை டிவியில பார்த்தோம். நவம்பர்ல பாஜக அரசு ஆணை போட்டது. கட்சிச் சண்டை போட வந்துடாதீங்க. ரெண்டு பேர் கையிலயும் இந்த ஃபைல் தூங்கியிருக்கு.

13/
அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பென்ஷனைத் திருத்தணும்னு அந்த ஆணையே சொல்லுது. 2019 ஜூலையில செய்ய வேண்டியதைச் செய்யலை. 2022 மார்ச்ல உச்ச நீதிமன்றம், மூணு மாசத்துல நிலுவையைக் கொடுங்கன்னு சொன்னது. அவகாசம், மறுபடி அவகாசம். 2023 ஜனவரியில பாதுகாப்பு அமைச்சகம் நாலு தவணையா தர்றோம்னு தானா ஒரு கடிதம் போட்டு, அதுக்கு நீதிமன்றத்துல திட்டும் வாங்கினது. கடைசியா நீதிமன்றமே வயசு வாரியா தேதி குறிச்சது. 70-ஐத் தாண்டினவங்களுக்கு 2023 ஜூன் 30-க்குள்ள கொடுத்து முடிக்கணும்னு.

14/
டாக்டரா ஒண்ணு சொல்றேன். 78 வயசுக்காரருக்கு "அடுத்த வருஷம் தர்றோம்"ங்கறதும் 38 வயசுக்காரருக்கு அதையே சொல்றதும் ஒண்ணு கிடையாது. அந்த வயசுல ஒரு வருஷத் தாமதம் பல பேருக்கு "தர மாட்டோம்"னு அர்த்தம். ஃபைலுக்கு வயசாகாது, மனுஷனுக்கு ஆகும்.

15/
மூணாவது, ஊனமுற்றோர் ஓய்வூதியம். இதுல நேரடியா எங்க டாக்டர் தொழிலே சம்பந்தப்பட்டிருக்கு. ஒருத்தர் வியாதியோட பணியை விட்டு வெளிய வரும்போது, "இது ராணுவப் பணியால வந்ததா, பணியால மோசமாச்சா, இல்ல தானா வந்ததா?"ன்னு மருத்துவக் குழு எழுதும். அந்த ஒரு வரியிலதான் குடும்பத்தோட வாழ்க்கையே இருக்கு.

16/
தரம்வீர் சிங்னு ஒரு சிப்பாய். ஏறக்குறைய 9 வருஷம் பணி. 1994-ல வலிப்பு நோயோட வெளிய அனுப்பினாங்க, ஊனம் 20 சதவீதம். "பணியால வந்ததில்லை"ன்னு எழுதிட்டாங்க. 2013-ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. வாதம் ரொம்ப எளிமை: ஆள் எடுக்கும்போது நீங்கதானே தலை முதல் கால் வரை சோதிச்சு 'ஆரோக்கியம்'னு கையெழுத்துப் போட்டீங்க? பிறகு வந்த வியாதி பணியால வரலைன்னா, காரணத்தை நீங்கதான் காட்டணும், சிப்பாய் இல்லை. ஆனா இதை வாங்க அவருக்கு 19 வருஷம் ஆச்சு.

17/
2023 செப்டம்பர்ல விதிகளை மறுபடி மாத்தியிருக்காங்க. முழுப் பணிக் காலமும் முடிச்சு வெளிய வர்றவங்களுக்கு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்'னு புதுப் பேர். துஷ்பிரயோகம் நடக்குதுங்கறது அரசு சொல்ற காரணம். துஷ்பிரயோகமே இல்லைன்னு நான் சொல்லலை. இந்த ஓய்வூதியத்தோட வெளிய வர்றவங்க விகிதம் ஜவான்களைவிட அதிகாரிகள்ல அதிகம்னு தணிக்கை அறிக்கையே காட்டுச்சு. கட்டுப்பாடு வேணும்தான். ஆனா விதியை இறுக்கினா முதல்ல அடிபடறது யாரு? வக்கீல் வைக்க வசதியில்லாத ஜவான்.

18/
"பி.பி., சுகர் எல்லாம் நமக்கும்தானே வருது, இதுக்கும் எல்லைக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தூக்கம் கெட்ட இரவுக் காவல், வருஷக்கணக்கா குடும்பத்தைப் பிரிஞ்ச மன அழுத்தம், இதெல்லாம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும்னு எங்க பாடப் புத்தகத்துலயே இருக்கு. ஒரு ஆளைக் காட்டி "இவருக்கு இதனாலதான் வந்தது"ன்னு எந்த டாக்டராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. அப்படி உறுதியா சொல்ல முடியாத இடத்துல சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுக்கறோம்ங்கறதுதான் கேள்வி. அது மருத்துவக் கேள்வி இல்லை, நன்றிக் கேள்வி.

19/
இதோட கம்ப்யூட்டர் தொல்லையும் சேர்ந்துச்சு. ஸ்பர்ஷ்னு புது ஓய்வூதிய இணையதளம். நோக்கம் நல்லதுதான். ஆனா 2022 ஏப்ரல் மாச பென்ஷன் 50,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு அந்த மாசக் கடைசியில வரலை. உயிர்ச்சான்று பதிவாகலைங்கறது காரணம். சத்தம் கிளம்பினதும் ஒரு தடவை விலக்கு கொடுத்து மே முதல் வாரத்துல அனுப்பினாங்க. ஒரே வாரத்துல தீர்க்க முடிஞ்ச பிரச்சினை. முன்னாடியே தீர்த்திருக்கலாமே?

20/
"விவசாயக் கூலிக்கு என்ன பென்ஷன் இருக்கு? இவங்களுக்கு மட்டும் ஏன்?"னு கேக்கறவங்களுக்கு: கூலித் தொழிலாளிக்கும் வேணும், அதுக்கும் குரல் கொடுப்பேன். ஆனா அடுத்தவர் தட்டு காலியா இருக்குன்னு காட்டி, இவருக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க, வீட்டுக்கு வீடு படைவீரர்கள். அந்த வீடுகள்ல இருந்து போனவங்க "பனி ஜாஸ்தி, அடுத்த மாசம் வரேன்"னு சொல்லலை.

21/
நான் கேக்கறது மூணே மூணு.
ஒண்ணு: ரத்தம் உறையாம தடுக்கற மாத்திரை, இன்சுலின், வலிப்பு மாத்திரை மாதிரி ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாத மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, இருப்பு தீரவே விடக் கூடாது.
ரெண்டு: ஆஸ்பத்திரி பில்லுக்குக் காலக்கெடு. தாண்டினா அரசு வட்டி கட்டணும். அதுக்கப்புறமும் கார்டைப் பார்த்து அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பற ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் ரத்து.
மூணு: ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்குல தீர்ப்பாயத்துல ஜெயிச்ச ஜவானை, அரசு மறுபடி மேல் கோர்ட்டுக்கு இழுக்கறதை நிறுத்தணும்.

22/
உங்க வீட்டுல முன்னாள் ராணுவத்தினர் இருந்தா இதைச் சேமிச்சு வச்சுக்கோங்க:
• அவசரம்னா அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரியிலயும் சேர்க்கலாம். 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிடணும். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரச் சான்று மூணும் பத்திரம். பணம் திட்டத்தோட விலைப்படிதான் திரும்ப வரும், மீதி நம்ம கைக்காசு.
• மருந்து தீர 10 நாள் முன்னாடியே கேளுங்க. இல்லைன்னா டாக்டரைக் கூப்பிடுங்க. விலை குறைஞ்ச மாற்று பல தடவை இருக்கும். நீங்களா நிறுத்தாதீங்க.
• வருஷா வருஷம் உயிர்ச்சான்று. பிள்ளைங்களே உட்கார்ந்து பதிவு பண்ணிக் கொடுங்க.
• பென்ஷன் சிக்கல்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல எழுத்துல மனு கொடுங்க. நகல்ல முத்திரை வாங்கிக்கோங்க.
• முகம் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல்: ஒண்ணு வந்தாலும் நேரத்தைக் குறிச்சுக்கிட்டு உடனே சி.டி. ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரி. 108-ஐக் கூப்பிடுங்க.

23/
ஐயா போன மாசம் வந்திருந்தார். மாத்திரைக்காகக் கொடுத்திருந்த அந்தப் பழைய பில் திரும்பி வந்திருந்தது. திரும்பக் கேட்ட படிவத்துல இடது கையால கையெழுத்துப் போட்டிருக்கார். "கையெழுத்து பொருந்தவில்லை"ன்னு மறுபடி திருப்பி அனுப்பிட்டாங்க. வலது கை ஏன் வரலைங்கறதுக்கு நான் சான்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிட்டு, "சார், இதுக்கு நகல் எத்தனை வேணும்?"னு கேட்டார். கோபமே படலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

24/
அவர் படாத கோபத்தை நாம கொஞ்சம் படுவோம். ஓட்டு கேட்டு வர்றவங்க எல்லையைப் பத்திப் பேசினா, "எங்க தெரு மிலிட்டரிக்காரரோட மருந்து பில் என்னாச்சு?"ன்னு கேளுங்க. உங்க வீட்டுலயும் இப்படி அனுபவம் இருந்தா கீழ எழுதுங்க, பேர் போட வேண்டாம்.