"வாயுதான்" என்று இனி சொல்லாதீர்கள்

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

போன மாதம் நம் குடும்பத்தில் ஒருவருக்கு இரவு 10 மணிக்கு நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, உடம்பெல்லாம் வியர்வை. வாயு என்று சோடா கொடுத்தார்கள். தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். போனில் கேட்டபோது "காலையில் பார்க்கலாம்" என்று சொன்னவன் நான். ஆம், 8ஆம் வகுப்புக்கு அறிவியல் நடத்திய நானேதான்! காலையில் மருத்துவமனையில் மாரடைப்பு என்றார்கள். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மூவகைத் தசைகளை வேறுபடுத்துக, 5 மதிப்பெண். ஞாபகம் இருக்கிறதா? எலும்புத் தசைக்கு வரி உண்டு, நம் சொல் கேட்கும். குடல், இரைப்பையில் உள்ள மென்தசைக்கு வரி இல்லை, சொல் கேட்காது. இதயத் தசைக்கு வரி உண்டு, ஆனால் சொல் கேட்காது. கட்டம் போட்டு எழுதினீர்கள், நானும் முழு மதிப்பெண் போட்டேன். "கெட்டுப்போனால் மீண்டும் வளருமா?" என்ற வரிசையை அந்தக் கட்டத்தில் நான் சேர்க்கவே இல்லை.

எலும்புத் தசை கிழிந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். மென்தசைச் செல்கள் பிரிந்து பெருகும். நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும் இதயத் தசைக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. இரத்தக்குழாய் அடைத்து அரை மணி நேரம் போனாலே அது சாகத் தொடங்கும். செத்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு சுருங்காது, இரத்தத்தைத் தள்ளாது.

"எல்லா நெஞ்சு வலியும் மாரடைப்பா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் உணவுக்குழாய் வலியும் இதய வலியும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. மூளையே குழம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், வியர்வை மட்டும்கூட வரலாம்.

ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும், வாயு என்று. "ராத்திரியில் யாரைத் தொந்தரவு செய்வது" என்று கூச்சப்படாதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருந்தால் ஒரு ராத்திரி அலைச்சல்தான் நஷ்டம். இல்லையென்றால் நஷ்டம் என்னவென்று நம் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

நான் விட்ட அந்த வரிசையை இன்று இரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.